முக்கொம்புக்கு மேற்கே தூண்டில் போடுகிறவர்களுக்கு

காலையில் நாளிதழ் வந்ததும் மற்றவர்கள் தலைப்புச் செய்தியைப் படிப்பார்கள். நான் மேட்டூர் அணை நிலவரம் போட்டிருக்கும் சின்னப் பெட்டிச் செய்தியைத் தேடுவேன். அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதைவிட, எத்தனை கன அடி வெளியேறுகிறது என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல். ஆறு காய்ந்து கிடக்கும்போது அங்கே திறக்கும் தண்ணீர், மணல் குடித்தது போக, ஏறக்குறைய மூன்றாம் நாள், திருச்சிக்கு மேற்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்புக்கு வந்து சேரும். ஏற்கெனவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம். எந்த முள், எந்த இரை, எந்தக் கரை என்பதையெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

ஜீயபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளாகத் திருப்பராய்த்துறைக்கும் முக்கொம்புக்கும் இடையில்தான் என் தூண்டில். போன ஆடியில் தங்கை மகன் ஊரிலிருந்து வந்தான். மடக்குத் தூண்டில், பளபளவென்று ஒரு ரீல், பெட்டி நிறைய ரப்பர் மீன்கள். “மாமா, இது பத்துக் கிலோ மீனையும் தாங்குமாம்” என்றான். “தாங்கும். மீன் வர வேண்டுமே” என்றேன். அன்று தண்ணீர் முந்தைய நாளைப்போல இரண்டு மடங்கு. செம்மண் கரைத்தாற்போல ஓடிக்கொண்டிருந்தது. அவன் நடு ஆற்றுக்கு வீசி வீசித் தோள் வலிக்க உட்கார்ந்தான். உருட்டிப் போட்ட மாவு நீரில் விழுந்த மறு நிமிடமே கரைந்து போயிற்று. நான் கரையோரம் நாணல் புதருக்குப் பின்னால், தண்ணீர் திரும்பிச் சுற்றும் இடத்தில், பத்தடி மூங்கிலில் மண்புழுவைப் போட்டு ஏழு கெளுத்தி எடுத்தேன். இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. அந்த வேகத்தில் மீனும் நடு ஆற்றில் நிற்காது; ஒதுங்கத்தான் பார்க்கும்.

அணையில் நீர் இருந்தால் ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறப்பதும் ஜனவரி 28 அன்று மூடுவதும் நெடுநாள் வழக்கம். எங்களுக்கு ஆண்டு தொடங்குவதும் முடிவதும் அந்தத் தேதிகளில்தான். புதுத்தண்ணீர் நுரையும் சருகுமாக வரும் முதல் வாரத்தில் மீனுக்குக் கண் தெரியாது, மோப்பம்தான். அப்போது மண்புழுவைத் தவிர வேறெதுவும் வேலைக்காகாது. பத்து நாளில் நீர் தெளிந்து ஒரே மட்டத்தில் ஓடத் தொடங்கியதும் கெண்டைக் காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டாற்று வெள்ளம் வந்து கலங்கும்போது ஆராலும் வாளையும் கரையோரம் வரும். தை கழிந்து தண்ணீர் வற்றி, மணலுக்கு நடுவே மடு மடுவாக நிற்கும்போது ஜிலேபியும் விராலும்.

கொள்ளிடத்தின் கணக்கு வேறு. காவிரி தாங்காத உபரி நீரைத்தான் முக்கொம்பில் அந்தப் பக்கம் திருப்புவார்கள். வெள்ளம் வடிந்த பிறகு அங்கே தேங்கி நிற்கும் குட்டைகளில் மீன் சிக்கிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்திற்குள் போய்விட வேண்டும். அதன்பின் கொக்கும் நாரையும் நமக்கு மிச்சம் வைப்பதில்லை.

இனி தூண்டில். முதல் தூண்டிலுக்குக் கடைக்குப் போகாதீர்கள். பத்துப் பன்னிரண்டடிக் கல்மூங்கில் கழி ஒன்றை நிழலில் ஒரு மாதம் காயவைத்தால் போதும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் அதைவிட நல்ல கழியை நான் பார்த்ததில்லை. மீன் தொடுவது நேராக உள்ளங்கைக்கு வரும். ரீல் வேண்டாம் என்று சொல்லவில்லை. மடுவின் நடுவே வீசவும், இரண்டு கிலோவுக்கு மேல் மீன் மாட்டினால் விட்டுப் பிடிக்கவும் ரீல் வேண்டும். கார்பன் தூண்டில் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அது மின்சாரத்தைக் கடத்தும். கரையோர மோட்டார் கொட்டகைகளுக்கு மேலே போகும் கம்பிகளைப் பார்த்துவிட்டு வீசுங்கள்.

முள்ளைக் கட்டும் நைலான் இழையை நரம்பு என்போம். அந்த விஷயத்தில் பெரும்பாலானவர்கள் தடிமனாக எடுத்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். தெளிந்த நீரில் கெண்டைக்கு 0.20 மில்லிமீட்டர், கெளுத்திக்கும் ஜிலேபிக்கும் 0.25, விராலுக்கு 0.40. வாளைக்கு மட்டும் முள்ளுக்கு மேலே ஒரு சாண் எஃகுக் கம்பி; அதன் பல் நரம்பை அறுத்துவிடும். முள்ளின் எண் ஏற ஏற முள் சிறியதாகும் என்பது புதியவர்களுக்குக் குழப்பம். தையல் ஊசியில் பழகிய எனக்கே முதலில் குழப்பமாகத்தான் இருந்தது. கெண்டைக்குப் பத்தாம் எண், கெளுத்திக்கு எட்டு அல்லது ஆறு.

முடிச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நரம்பு அறுந்து மீன் போய்விட்டது என்று சொல்கிறவர்களின் நரம்பை வாங்கிப் பார்த்தால் நுனி பன்றிவால்போலச் சுருண்டிருக்கும். அது அறுந்ததன்று, முடிச்சு நழுவியது. நரம்பை முள்ளின் காதில் நுழைத்து ஒரு சாண் வெளியே இழுங்கள். அந்த நுனியை, மேலே போகும் நரம்பைச் சுற்றி ஆறு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு நுனியைத் திருப்பி, காதை ஒட்டியிருக்கும் சின்னக் கண்ணியில் விடுங்கள். அப்படி விடும்போது பெரிதாக இன்னொரு கண்ணி உண்டாகும், அதன் வழியாகவும் எடுங்கள். இப்போது இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு முடிச்சை நனைக்க வேண்டும். நனைக்காமல் இழுத்தால் உராய்வுச் சூட்டில் நைலான் வெந்து பலம் இழக்கும். மெல்ல இழுத்தால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நூற்கண்டுபோல வரிசையாகப் படியும். ஒரு சுற்று ஏறியிருந்தாலும் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். கோணல் தையலைப் பிரிக்கச் சோம்பல் படுகிறவனிடம் நான் துணி கொடுக்க மாட்டேன், அதே நியாயம்தான்.

தக்கைக்குக் காய்ந்த சோளத்தட்டையின் நெட்டி போதும், சுண்டுவிரல் நீளம். தேய்ந்த ரப்பர் செருப்பை வெட்டியும் போடலாம், ஆனால் அது முரட்டுத் தக்கை. சின்னக் கெண்டை கடிப்பதைச் சொல்லாது. தக்கையின் கால் பங்கு மட்டும் மேலே தெரியும் அளவுக்கு ஈயம் சேருங்கள். ஆழம் பார்க்க, முள்ளில் ஒரு பெரிய ஈயத்தை மாட்டி இறக்குங்கள். தக்கை மூழ்கினால் அதை மேலே தள்ளுங்கள், படுத்துக்கொண்டால் கீழே இறக்குங்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த ஆழத்தில் இரை நிற்க வேண்டும் என்பதை மீனின் வாயே சொல்லிவிடும். கட்லாவின் கீழ்த்தாடை மேல்நோக்கி இருக்கும். அது மேல்நீரில் மேயும். மிர்காலின் வாய் அடியைப் பார்த்திருக்கும். அதற்கு இரை தரையைத் தொட வேண்டும். ரோகு நடுவில். இம்மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள், குஞ்சு விட்டு நம் ஆற்றில் பழகியவை. ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் தாயை எந்த மீன் வெல்லும், இன்று மடுவெல்லாம் அதுதான்.

மண்புழுவுக்கு வாழைத்தோட்டம். அறுத்துப் போட்ட வாழைமட்டை மக்கிக் கிடக்கும் இடத்தில் புரட்டினால் ஒரு கொட்டாங்குச்சி நிறையக் கிடைக்கும். தோட்டக்காரரைக் கேட்டுவிட்டுப் புரட்டுங்கள். மட்டையைத் திரும்ப மூடுங்கள். அதே ஈரமண்ணோடு எடுத்துவந்து நனைத்த சாக்குத்துண்டால் மூடினால் இரண்டு நாள் தாங்கும்.

மாவு இரை என் சொந்தக் கைவேலை. இரண்டு பங்கு கோதுமை மாவு, ஒரு பங்கு இடித்த கடலைப் பிண்ணாக்கு. பிண்ணாக்கை முந்தைய இரவே ஊறவைத்துவிடுவேன். மாவோடு பிசைந்து, கொதிக்கும் நீரில் கொழுக்கட்டைபோல ஐந்து நிமிடம் வேகவைத்து, ஆறியதும் மறுபடி பிசைய வேண்டும். அப்போது சிட்டிகை பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து உள்ளே சேர்ப்பேன். சோபா உறை தைக்கும்போது மிச்சமாகும் பஞ்சுதான். அந்த நார் மாவைப் பிடித்துக்கொள்ளும். சின்ன மீன்கள் கொத்திக் கரைக்க முடியாது. ஒரு குவளை நீரில் உருண்டையைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் நின்றால் சரி. அளவு சட்டைப் பொத்தான். கோட்டுப் பொத்தான் அளவுக்கு உருட்டினால் கெண்டையின் வாய்க்குள் போகாது.

படித்துறைகளில் பொரியும் சோறும் விழுந்து பழகிய கெண்டைகள் இருக்கும். அங்கே பொரி ஒன்றே போதும். ஆனால் ஐப்பசி முதல் நாள் திருப்பராய்த்துறையில் முதல் முழுக்கு. துலா மாதத்துக்கு அங்கே தொடங்கி மயிலாடுதுறையில் கடைமுழுக்கோடு முடிப்பது மரபு. குளிக்க வருகிறவர்கள் காலில் முள் ஏறினால் பாவம் யாருக்கு? படித்துறையில் கூட்டம் இருந்தால் நூறடி தள்ளிப் போய்விடுங்கள்.

தக்கையைப் படிப்பதுதான் பாதி வித்தை. டக்கு டக்கென்று துடித்தால் பொடிக் கெண்டை, அவசரப்படாதீர்கள். பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போனால் ஜிலேபி. தயக்கமே இல்லாமல் நேராகக் கீழே போனால் கெளுத்தி. உடனே இழுக்க வேண்டும், தாமதித்தால் முள்ளை வயிறு வரை விழுங்கியிருக்கும். தக்கை மூழ்காமல் எழும்பிப் படுத்தால் நெஞ்சு படபடக்கும்: அடியில் இரையை எடுத்த மீன் தலை தூக்குகிறது, பெரும்பாலும் பெரியது.

விராலுக்கு ரப்பர் தவளை நல்ல சரக்கு, மருமகன் பெட்டியில் இருந்தவற்றில் நான் கேட்டு வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான். ஆகாயத்தாமரைக்கு மேலே போட்டு, இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். விரால் சப்பென்று அடித்ததும் கை தானாக இழுக்கும். இழுக்கக் கூடாது, மனத்துக்குள் இரண்டு எண்ணிவிட்டு இழுங்கள். நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பதுபோலத் தெரிந்தால் அடியில் காவல் விரால் நிற்கும். மிக எளிதாக மாட்டும். அதைப் பிடிக்காதீர்கள், அதை எடுத்த மறுநாள் அந்தக் கூட்டத்தில் ஒரு குஞ்சுகூட இருக்காது.

கெளுத்தியை முள்ளிலிருந்து எடுப்பதில் நானே ஏமாந்திருக்கிறேன். முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என மூன்று ஊசிகள். மீன் விறைத்தால் அவை நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும். ஒரு ஆவணி மாலையில் இருட்டில் தடவி எடுக்கப்போய்க் கட்டைவிரலில் ஏறிற்று. இரண்டு நாள் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. ஒரு கல்யாண ரவிக்கை தாமதமாகி, அந்த வீட்டம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. வயிற்றுப் பக்கமிருந்து கையைக் கொண்டுபோய், பக்க ஊசிகளுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் அணைக்கும்படி பிடியுங்கள். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு வெந்நீரில் அரை மணி நேரம் வையுங்கள், வலி குறையும். வீங்கினால் மருத்துவரிடம் போங்கள். பெரிய, கருத்த, தட்டைத் தலை கொண்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் ஆற்றில் திரும்ப விடாதீர்கள். வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன் அது.

பிடித்ததைக் கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறிக்கிறேன். அளவு நாடாவால்தான் மீனையும் அளப்பது, அதனால் எல்லாம் அங்குலத்தில். கடந்த பருவம் இப்படி: ஆனி முதல் வாரம், புதுத்தண்ணீரின் நான்காம் நாள், மாலை இரண்டு மணி நேரம், கெளுத்தி 11, பெரியது 9 அங்குலம். ஆடிப்பெருக்குக்குத் தூண்டில் எடுக்கவில்லை. அடுத்த நான்கு நாள் வெள்ளம், ஒன்றுமில்லை. ஆவணி நடுவில் நீர் தெளிந்தது; ஒரே காலையில் கெண்டை 23, மிர்கால் ஒன்று, 19 அங்குலம். சினையாக இருந்த கெண்டைகள் ஐந்தாறைத் திரும்ப விட்டேன். ஐப்பசியில் ஆரால் 2. வாளை ஒன்று கம்பியில்லாத நரம்பை அறுத்துக்கொண்டு போயிற்று, அது என் சோம்பல். மாசியில் மடுவில் ஜிலேபி 34, விரால் ஒன்று, 17 அங்குலம்.

மதகுகளுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பின் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது இடிந்து போனதைப் பார்த்த ஊர் இது. அதைவிட மோசம், மணல் அள்ளிய பழைய குழிகள்; முழங்கால் நீரில் நடந்து போகிறவர் அடுத்த அடியில் காணாமல் போவார். கழியால் ஊன்றிப் பார்க்காமல் இறங்க வேண்டாம். கொள்ளிடத்தில் கிழக்கே அணைக்கரைப் பக்கம் போனால் முதலை உண்டு, அங்கே நீரில் காலே வைக்க வேண்டாம். வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897 ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். குத்தகை விட்ட குளம், அணைப்பகுதி என்றால் அனுமதி கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கிளம்பும்போது வெட்டிய நரம்புத் துண்டுகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். போன மாசியில் காலில் நரம்பு சுற்றிய கொக்கு ஒன்று மணலில் கிடந்தது. துணி வெட்டும் சின்னக் கத்தரியால் அறுத்துவிட்டேன். மூன்று முறை கையைக் கொத்திவிட்டுத்தான் பறந்தது. அந்த நரம்பு 0.40. விராலுக்கு அங்கே உட்காருகிறவன் நான்தான்.