ஜப்பானியக் கல் தோட்டமா? முதலில் கல்லைப் புதையுங்கள்

வீட்டில் ஜப்பானியக் கல் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கல்லைத் தரைமேல் அப்படியே வைத்துவிடுகிறார்கள், அது லாரியிலிருந்து இறக்கிப் போட்ட மாதிரிதான் தெரியும். அகலமான பக்கம் கீழே இருக்க, மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போகட்டும். ஒற்றைப்படையில் வையுங்கள், வரிசையாக வேண்டாம். கியோட்டோவின் ரியோவான்ஜி கோயில் தோட்டத்தில் 15 கற்கள், ஆனால் திண்ணையில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒன்றாவது மறைந்தே இருக்கும், என்ன அழகான யோசனை!

அப்புறம், கற்களைச் சுற்றிப் பரப்பி வாரியால் அலை மாதிரி கோடு இழுக்கிற சரளை. உருண்டைக் கூழாங்கல் வாங்காதீர்கள், வாரியால் இழுத்த கோடு அதில் நிற்காது. சில மில்லிமீட்டர் அளவில் உடைத்த, முனையுள்ள கிரானைட் சரளைதான் சரி. அடியில் களைத் தடுப்புத் துணி விரித்து, 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள்.