நிலநடுக்கத்துக்குப் பின் பிளவுக்கோட்டை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன முறை களத்துக்கு வந்த புதியவர்கள் மூன்று பேர், முதல் நாள் மாலை தங்கள் நோட்டுகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். நிலம் எவ்வளவு நகர்ந்தது என்ற அளவுகள் எல்லாம் சென்டிமீட்டர் சுத்தமாக இருந்தன. எல்லாமே உண்மையைவிடக் குறைவாகவும் இருந்தன. பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய பக்கங்களே திரும்பி வந்தது போலிருந்தது. காம்பஸைச் சரிபார், டேப்பைத் தொய்யவிடாதே என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தந்துவிடுவார்கள். நான் சொல்ல நினைப்பது அவர்கள் சொல்லாமல் விடுவதை.

## வெடித்ததெல்லாம் ஃபால்ட் அல்ல

ஃபால்ட் என்பது பிளவுக்கோடு; இரு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகரும் பிளவு. ஆனால் பலமாகக் குலுங்கிய நிலம் எங்கு வேண்டுமானாலும் வெடிக்கும். ஆற்றங்கரையில் நீர் ஊறிய மணல் கூழாகி, மேலிருக்கும் நிலம் ஆற்றை நோக்கி வழுக்கும். மலைச்சரிவில் மண் இறங்கும், சாலையின் ஓரம் சரியும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் இப்படிப்பட்ட வெடிப்புகள் ஏராளம். ஆனால் ஆழத்தில் நகர்ந்த ஃபால்ட் தரைவரை வந்து கிழிக்கவே இல்லை.

வெடிப்பைக் கண்டதும் சுற்றிலும் பாருங்கள். சரிவின் விளிம்பை ஒட்டி வளைந்து போய், தாழ்ந்த பக்கமாகவே திறந்திருந்தால் சந்தேகப்படுங்கள். மேடு, பள்ளம், ஓடை எல்லாவற்றையும் தாண்டி ஒரே போக்கில் சென்று, கிலோமீட்டர் கணக்கில் ஒரே விதமான நகர்வைக் காட்டினால்தான் அது ஃபால்ட்.

## வெடிப்பின் வாயை மட்டும் அளப்பது

எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல் இதில்தான்.

ஒரு வயலில் கம்பிவேலி. வெடிப்பு அதைக் குறுக்கே வெட்டிப் போயிருந்தது. வெடிப்புக்கு இரு பக்கமும் நின்ற கம்பங்களை வைத்து அளந்தேன்: 1.3 மீட்டர். பிழை 5 சென்டிமீட்டர் என்று நம்பிக்கையோடு எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடினேன். மூன்று வாரம் கழித்து, நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட நண்பர், அங்கே நகர்வு 2 மீட்டருக்குக் குறையாது என்றார். அவர் கணக்குதான் தவறு என்று வாதாடினேன். திரும்பப் போய்ப் பார்த்தபோது வேலி நேராக நின்றது. மாடுகள் வெளியே போகாமலிருக்க நிலத்துக்காரர் கம்பங்களைப் பிடுங்கிப் புதிதாக நட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா? என் பழைய போட்டோ ஒன்றில், வெடிப்புக்கு நாற்பது மீட்டர் முன்பிருந்தே வேலி மெல்ல வளைவது தெரிகிறது. வேலியின் முனைக்குப் போய் நீளவாக்கில் ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். அந்த அளவு இனி யாருக்கும் கிடைக்காது.

மேலே தளர்ந்த வண்டல் இருந்தால், பாறை ஒரே கோட்டில் நகர்ந்தாலும் மண் அந்த நகர்வைப் பல பத்து மீட்டர் அகலத்துக்குப் பரப்பிவிடும். கொஞ்சம் சிறு விரிசல்களாகப் போகும், கொஞ்சம் வளைவாகப் போகும். கலிஃபோர்னியாவில் 1992இல் நடந்த லேண்டர்ஸ் நிலநடுக்கத்தின் வான்படங்களைப் பின்னாளில் ஒப்பிட்டபோது, மொத்த நகர்வில் கிட்டத்தட்டப் பாதி பிரதான வெடிப்புக்கு வெளியே இருந்தது தெரியவந்தது.

இது வெறும் எண் விவகாரமல்ல. அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய் தெனாலி ஃபால்ட்டைக் கடக்கும் இடத்தில், சுமார் 6 மீட்டர் பக்கவாட்டு நகர்வைத் தாங்கும்படி, சறுக்கிக்கொள்ளும் தாங்கிகள்மேல் வைக்கப்பட்டிருந்தது. 2002 நவம்பர் 3 அன்று 7.9 அளவுள்ள நிலநடுக்கம் அங்கே நிலத்தை 4 மீட்டருக்கு மேல் நகர்த்தியது; குழாய் உடையவில்லை. அப்படி ஒரு குழாயை வடிவமைப்பவர் கையில் என் 1.3 மீட்டர் போய்ச் சேர்ந்தால்?

ஆகவே வேலியோ வரப்போ தண்டவாளமோ, வளையாமல் நேராக இருக்கும் பகுதி கிடைக்கும்வரை இரு பக்கமும் நடந்து போங்கள். இரண்டு நேர்க்கோடுகளையும் ஃபால்ட்வரை நீட்டி, அங்கே உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். வெடிப்பில் எவ்வளவு, முழு அகலத்தில் எவ்வளவு, அந்த அகலம் எத்தனை மீட்டர் என்று மூன்றையும் எழுதுங்கள். வேலி முன்பு நேராகத்தான் இருந்ததா என்று நிலத்துக்காரரிடம் கேளுங்கள்.

## வேலிக்குச் செங்குத்தாக அளப்பது

ஃபால்ட்டின் போக்கிலேயே அளக்க வேண்டும். வேலி ஃபால்ட்டை 30 டிகிரியில் வெட்டினால், வேலிக்குச் செங்குத்தாக அளந்தவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

## நேரம் எழுதாமல் விடுவது

2014 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் நாபாவில் நிலநடுக்கம் ஓய்ந்த பிறகும் ஃபால்ட்டின் சில பகுதிகள் நாள்கணக்கில் மெல்ல நகர்ந்தன. தேதியும் மணியும் இல்லாத அளவை வைத்து, நிலநடுக்கத்தின்போது நகர்ந்தது எவ்வளவு, பிறகு நகர்ந்தது எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது.

## வெடிப்பு இல்லாத இடத்தை விட்டுவிடுவது

போய்ப் பார்த்தேன், இல்லை. இதையும் வரைபடத்தில் குறியுங்கள்.

## நாளைக்குப் பார்க்கலாம் என்பது

சாலையிலும் வயலிலும் இருப்பதை முதலில் முடியுங்கள். தார் போடுபவர்களும் உழுபவர்களும் காத்திருக்க மாட்டார்கள். மனித நடமாட்டமில்லாத பாறை மேட்டில் இருப்பது அடுத்த வாரமும் இருக்கும்.