வெபரைக் கழற்றி இன்ஜெக்‌ஷன் மாட்டுவது எப்படி: பின்டோ எஞ்சின் கிட் காருக்கான செய்முறை

பிரிட்டனில் லோட்டஸ் செவன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில், பாகங்களை வாங்கித் தாங்களே கட்டிய கிட் கார்கள் ஏராளம். அவற்றில் பலவற்றின் பானட்டைத் திறந்தால் ஃபோர்டின் 2.0 லிட்டர் பின்டோ எஞ்சினும் அதன் பக்கவாட்டில் இரண்டு வெபர் 45 கார்புரேட்டரும் இருக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது அந்த ஜோடியைக் குறை சொல்ல முடியாது. குளிரில் ஸ்டார்ட் செய்வதும் டிராஃபிக்கில் ஊர்ந்து போவதும்தான் பெரும்பாடு. பெட்ரோலை மின்னணுக் கட்டுப்பாட்டில் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் அந்த இரண்டையும் தீர்க்கும், பெட்ரோலும் மிச்சமாகும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். அப்படி மாற்றி வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால், கோளாறு ஸ்பார்க்கிலா பெட்ரோலிலா வயரிங்கிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. முதலில் இக்னிஷனை மட்டும் ஈசியுவிடம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) ஒப்படையுங்கள். கார்புரேட்டர் அப்படியே இருக்கட்டும். எஞ்சின் அப்படியே பிசிறில்லாமல் ஓடிய பிறகு பெட்ரோல் பக்கம் கை வையுங்கள். இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் ஈசியு மெகாஸ்குவர்ட். அதை லேப்டாப்பில் டியூன் செய்ய டியூனர்ஸ்டுடியோ என்ற மென்பொருள்.

முதல் படி: ஸ்பார்க்

கிராங்க் புல்லியில் 36 பல்லுக்கு இடம் உள்ள, ஒரு பல் இல்லாத சக்கரத்தைப் பொருத்துங்கள். அதன் பற்களைப் படித்து ஈசியுவுக்குச் சொல்ல எதிரே ஒரு சென்சார். ஒரு பல்லுக்கு 10 டிகிரி. முதல் சிலிண்டர் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, பல் இல்லாத இடைவெளி சென்சாரைத் தாண்டி ஒன்பதாவது பல் அதற்கு நேரே நிற்க வேண்டும். கம்ப்ரெஷனை எதிர்த்து ஏறும்போது உச்சிக்குப் பக்கத்தில் கிராங்க் தடுமாறிச் சுழலும். அங்கே இடைவெளி வந்தால் ஈசியு குழம்பும். 90 டிகிரி முன்னால் வைப்பது அதனால்தான். சென்சாருக்கும் பல்லுக்கும் நடுவே 0.8 முதல் 1 மி.மீ. விடுங்கள். சென்சார் பிராக்கெட் கெட்டியான தகடாக இருக்கட்டும்; அது அதிர்ந்தால் அதிக ஆர்.பி.எம்.மில் ஸ்பார்க் விட்டுப்போகும்.

ஸ்பார்க் தரும் காயில் பேக்கில் சிலிண்டர் 1-4 ஒரு ஜோடி, 2-3 ஒரு ஜோடி. ஸ்பார்க் பிளக் வயர்கள் ரெசிஸ்டர் வகையாகவே இருக்க வேண்டும். வெறும் செம்புக் கம்பி வயர் கிளப்பும் இரைச்சல் ஈசியுவை ரீசெட் ஆக்கிவிடும்.

இனி வேலையில்லை என்று டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். பின்டோவில் ஆயில் பம்பைச் சுழற்றும் அறுகோணக் கம்பி டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலிருந்துதான் ஓடுகிறது. அதை எடுத்துவிட்டால் ஆயில் பிரஷரே வராது, பேரிங் போய்விடும். மேல்பாகத்தை மட்டும் அறுத்து மூடி போட்டு, கியரும் தண்டும் உள்ளேயே இருக்கும்படி விடுங்கள்.

இப்போது எப்போது ஸ்பார்க் விட வேண்டும் என்று ஈசியுவுக்குச் சொல்லும் ஸ்பார்க் டேபிளை ஆர்.பி.எம்.முக்கு மட்டும் மாறும்படி எழுதுங்கள். லோடு எதுவானாலும் ஒரே எண். டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, டைமிங் லைட் பிடித்து 3000 வரை ஏற்றுங்கள். புல்லிக் குறி அசையக் கூடாது. ஆர்.பி.எம். ஏற ஏற நகர்ந்தால் பெரும்பாலும் சென்சாரின் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கும், மாற்றிப் போடுங்கள். ஷீல்டு வயரின் ஷீல்டை ஈசியு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

இரண்டாம் படி: பெட்ரோல் லைன்

பணமும் கவனமும் அதிகம் கேட்கும் பகுதி இது. வெபருக்கு 0.2 பார் அழுத்தம் போதும். இன்ஜெக்டருக்கு 3 பார், அதாவது பதினைந்து மடங்கு. பழைய ஹோஸ் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காதீர்கள். ஆர்9 தரம் அச்சிட்ட 8 மி.மீ. ஹோஸும், ரப்பரை வெட்டாத இன்ஜெக்‌ஷன் கிளாம்பும் வாங்குங்கள். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டன் பெட்ரோல் பங்க்குகளில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோல்தான் வழக்கம். அந்த எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடும்.

கிட் காரின் டாங்க் சிறியது, உள்ளே தடுப்பும் இருக்காது. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும். கார்புரேட்டரில் மிதவை அறை அதைச் சமாளித்துவிடும். இன்ஜெக்டரில் அந்த நொடியே எஞ்சின் இருமும். ஆகவே டாங்குக்கும் பம்புக்கும் நடுவே எப்போதும் நிரம்பியிருக்கும் 1 முதல் 1.5 லிட்டர் சிறு கலம், அதாவது ஸ்விர்ல் பாட் தேவை. டாங்கிலிருந்து, கார்புரேட்டருக்கு ஓடிய பழைய ஃபேசெட் பம்ப் அதை நிரப்பட்டும். பாட்டின் அடியிலிருந்து ஹை பிரஷர் பம்ப், ஃபில்டர், ஃப்யூல் ரெயில், ரெகுலேட்டர், அங்கிருந்து மீண்டும் பாட். பாட்டின் உச்சியிலிருந்து வழிவது டாங்குக்குத் திரும்பும். ஹை பிரஷர் பம்புக்குத் தள்ளத் தெரியும், உறிஞ்சத் தெரியாது. பாட்டைவிடத் தாழ்வாகவே மாட்டுங்கள்.

பம்புக்குத் தனி ரிலே, 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. வயர், விபத்தில் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்ச். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் ரிலேயை ஜம்பர் வைத்து ஐந்து நிமிடம் பம்பை மட்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் பேப்பரில் ஈரமாகத் தெரியும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: த்ராட்டில் பாடியும் இன்ஜெக்டரும்

வெபர் ஃபிளாஞ்சுக்கே பொருந்தும் 45 மி.மீ. த்ராட்டில் பாடிகள் (காற்றைத் திறந்து மூடும் குழாய்கள்) கிடைக்கின்றன, அதனால் பழைய மேனிஃபோல்டே போதும். இன்ஜெக்டர் அளவுக்குக் கணக்கு இருக்கிறது: 140 குதிரைத்திறனை 0.5 ஆல் (ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குத் தேவைப்படும் பெட்ரோல், பவுண்டில்) பெருக்கி, நான்கு இன்ஜெக்டருக்கும் 80 சதவீத வேலைநேரத்துக்கும் வகுத்தால் மணிக்கு சுமார் 22 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு 230 சி.சி. பெரிதாக இருப்பது நல்லதென்று இரு மடங்கு வாங்கினால் ஐட்லிங்கில் துல்லியம் போய்விடும். 12 முதல் 16 ஓம் உள்ளவற்றையே எடுங்கள். குறைந்த ஓம் வகைக்கு வேறு டிரைவர் அமைப்பு தேவைப்படும்.

சென்சார்கள்: த்ராட்டில் பொசிஷன், கூலன்ட் வெப்பம், காற்று வெப்பம், எக்ஸாஸ்டிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் வைட்பேண்ட் லாம்ப்டா. போஷ் வகை கூலன்ட் சென்சார் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 320 ஓம் காட்டும். மாட்டும் முன் மல்டிமீட்டரில் பாருங்கள். லாம்ப்டாவை எக்ஸாஸ்டில் மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள், அடியில் வைத்தால் தண்ணீர் தேங்கி உடையும். சென்சார் எர்த்துகள் எல்லாம் ஈசியுவுக்கே வரட்டும். ஈசியு எர்த்துகள் எஞ்சின் பிளாக்கில் ஒரே போல்ட்டில் சேரட்டும். பாதிப்பேர் மேப்பில் (ஈசியுவின் டேபிள் எண்களில்) தேடி அலையும் கோளாறு கடைசியில் இந்த எர்த்தில்தான் இருக்கும்.

நான்காம் படி: டியூனிங்

மேப்பைத் தொடும் முன் நான்கு த்ராட்டிலும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி, காற்றோட்டத்தை அளக்கும் சின்க்ரோமீட்டரால் சமன் செய்யுங்கள். சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் இருக்கும்போது வாக்குவம் சிக்னல் துடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே லோடை த்ராட்டில் திறப்பை வைத்துக் கணக்கிடும் ஆல்ஃபா-என் முறையைத் தேர்ந்தெடுங்கள். ரெகுலேட்டரின் வாக்குவம் முனையைத் திறந்தே விடுங்கள். டேபிளில் திறப்பின் சதவீதத்தை 0, 2, 4, 6, 10, 15, 25, 40, 60, 100 என்று ஆரம்பத்தில் நெருக்கமாக வையுங்கள். முதல் 20 சதவீதத் திறப்பிலேயே பெரும்பகுதி காற்று வந்துவிடுகிறது.

ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று (எடையில்) என்பதற்கான இலக்கு: ஐட்லிங்கில் 13.5 முதல் 14, சீரான ஓட்டத்தில் 14 முதல் 14.7, முழு த்ராட்டிலில் 12.5 முதல் 13. ஒரு எச்சரிக்கை: பற்றாமல் போன சிலிண்டரின் ஆக்சிஜன் அப்படியே எக்ஸாஸ்டுக்கு வரும், அதைப் பார்த்து லாம்ப்டா பெட்ரோல் குறைவென்று காட்டும். மீட்டரை நம்பி மேலும் பெட்ரோல் ஊற்றாதீர்கள். முதலில் மிஸ்ஃபயரையும் எக்ஸாஸ்ட் கசிவையும் சரிசெய்யுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடியதும் ஐட்லிங் இறங்கினால் இன்ஜெக்டர் திறக்கும் தாமதத்துக்கான வோல்டேஜ் திருத்தத்தைப் பாருங்கள். வோல்டேஜ் விழுந்தால் இன்ஜெக்டர் மெதுவாகத் திறக்கும், பெட்ரோல் குறையும்.

சூடான எஞ்சினில் டேபிள் நிலைத்த பிறகே ஆக்சிலேட்டரைத் திடீரென மிதிக்கும்போது தேவைப்படும் கூடுதல் பெட்ரோலைச் சேருங்கள். குளிர் ஸ்டார்ட்டைக் கடைசிக்கு விடுங்கள். எஞ்சின் முழுக்க ஆறினால்தான் அதைச் சோதிக்க முடியும் என்பதால் நாளுக்கு ஒரு வாய்ப்புதான். ஒவ்வொரு காலையும் ஒரே ஒரு எண்ணை மாற்றி, கூலன்ட் வெப்பத்தோடு சேர்த்து எழுதிவையுங்கள். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா ஹோஸ் கிளாம்பையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பழைய டாங்கின் துரு முதலில் அங்கேதான் வந்து சேரும்.