ஆள் நுழையாத குடோனில் தீப் பாதுகாப்பு: தண்ணீர் போகும் வழியைப் பிடித்துக்கொண்டு ஏழு படிகள்

சாதாரண குடோனில் அட்டைப்பெட்டி கருகினால் அந்த வாடை யாராவது ஒருவர் மூக்கில் ஏறிவிடும். தானியங்கிக் குடோனில் அப்படி இல்லை. உள்ளே கிரேனும் ரோபோவும்தான் ஓடுகின்றன. ரேக்குகளுக்கு நடுவே ஆள் நடக்க வழி கிடையாது, தீயணைப்பு வீரர் குழாயோடு உள்ளே போகவும் முடியாது. அதனால் தீ பிடித்த இடத்துக்குத் தண்ணீர் தானாகவே போய்ச் சேர வேண்டும். டேங்கிலிருந்து கடைசிப் பெட்டியின் அடி வரை அந்த வழியில் எங்கே அடைப்பு வரும் என்று பார்ப்பதுதான் இந்த வேலையின் சாரம்.

படி 1: பெட்டியைப் பாருங்கள்

புதியவர்கள் நேராகக் கூரையைப் பார்க்கிறார்கள். முதலில் சரக்கு வைக்கும் பெட்டியைக் கையில் எடுங்கள். பாலிபுரோப்பிலீன், பாலிஎத்திலீன் பெட்டிகள் தீயில் உருகிச் சொட்டும். சொட்டியது தரையில் தேங்கி எண்ணெய் போல எரியும். மேல் திறந்த பெட்டி இன்னும் மோசம். 600 × 400 × 320 மி.மீ. பெட்டி ஒன்று சுமார் 60 லிட்டர் பிடிக்கும். மேலே இருந்து விழும் தண்ணீரை அதுவே வாங்கி வைத்துக்கொள்ளும், கீழ்த்தட்டு காய்ந்தே கிடக்கும்.

ஒரு வாளித் தண்ணீரை அந்தப் பெட்டியில் ஊற்றிப் பாருங்கள். அடித்துளைகள் வழியாக விறுவிறுவென்று இறங்குகிறதா, தேங்கி நிற்கிறதா? தேங்கினால், கூரை ஸ்பிரிங்ளரை (சூடு பட்டதும் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் தலையை) மட்டும் நம்பிப் போடும் திட்டம் செல்லாது. அதற்காக நீங்களே துளை போட வேண்டாம், பெட்டியின் பலம் குறையும். துளையுள்ள மாடலாகவே வாங்குங்கள்.

படி 2: இடைவெளியை அளந்து பாருங்கள்

ரேக்கில் பலகை (பாலெட்) மேல் அடுக்கிய சரக்குகளுக்கு இடையே மேலிருந்து கீழ் வரை நேராக ஓடும் இடைவெளி, அடுப்படிப் புகைபோக்கி மாதிரி. சூடு அதன் வழியாக ஏறினால்தான் தீக்கு நேர் மேலே உள்ள ஸ்பிரிங்ளர் சீக்கிரம் திறக்கும். தண்ணீர் இறங்குவதும் அதே வழியில்தான். 150 மி.மீ. வைத்து வடிவமைப்பது வழக்கம். 150 மி.மீ. அகலத்தில் ஒரு மரக்கட்டை செய்து, ரேக்கின் கீழிருந்து மேல்வரை பத்துப் பதினைந்து இடங்களில் நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டை நுழையாத இடத்தில் சரக்கு பலகைக்கு வெளியே பிதுங்கியிருக்கும், இல்லையென்றால் கிரேன் அதை அளவுக்கு மீறி உள்ளே தள்ளியிருக்கும். இதைக் கையால் சரிசெய்தால் மறுநாளே பழையபடி ஆகிவிடும். சரக்கு உள்ளே வரும் வாசலிலேயே அளவு பார்க்கும் சென்சார் வைத்து, பிதுங்கியதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

படி 3: எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

ஓர் எடுத்துக்காட்டு. கூரை 9 மீட்டர், அடுக்கு 7.5 மீட்டர், அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் சரக்கு, திறந்த பெட்டிகள் இல்லை. இதற்கு இ.எஸ்.எஃப்.ஆர். வகை (சீக்கிரம் திறந்து தீயை ஆரம்பத்திலேயே அடக்கும்) ஸ்பிரிங்ளர், கே மதிப்பு (தலையின் வாய் எவ்வளவு தண்ணீர் விடும் என்று காட்டும் எண்) 200, அழுத்தம் 3.5 பார் என்று வைப்போம். ஒரு தலையில் வரும் தண்ணீர் கே மதிப்பை அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிடைக்கும்: 200 × 1.87, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 375 லிட்டர். பம்ப்பிலிருந்து மிகத் தள்ளி உள்ள 3 குழாய்களில் தலா 4 வீதம் 12 தலைகள் திறப்பதாகக் கணக்கு. 12 × 375 = நிமிடத்துக்கு 4,500 லிட்டர். 60 நிமிடத்துக்கு 2,70,000 லிட்டர். வெளியே பிடிக்கும் ஹோஸ் குழாய்க்கு நிமிடத்துக்கு 950 வீதம் இன்னும் 57,000. மொத்தம் 3,27,000 லிட்டர்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, டேங்கின் முழுக் கொள்ளளவையும் கணக்கில் எடுப்பது. உறிஞ்சும் குழாயின் வாய்க்குக் கீழே உள்ள தண்ணீர் பம்ப்புக்கு வராது, அதைக் கழித்துவிடுங்கள். அந்த 3.5 பாரும் கடைசித் தலையில் இருக்க வேண்டியது. குழாய் உராய்விலும் உயரத்திலும் போகும் அழுத்தத்தைச் சேர்த்துத்தான் பம்ப் வாங்க வேண்டும். இறுதிக் கணக்கைத் தகுதியுள்ள பொறியாளர் போடட்டும், ஆனால் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று அவரைக் கேட்கும் அளவுக்கு நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்பிரிங்ளருக்கும் சரக்கின் உச்சிக்கும் நடுவே குறைந்தது 900 மி.மீ. விடுங்கள். கூரை 13, 14 மீட்டரைத் தாண்டினால் தீயிலிருந்து எழும் சூடான காற்றின் வேகம் துளிகளை மேலேயே தள்ளிவிடும். அப்போது ரேக்குக்குள்ளேயே ஸ்பிரிங்ளர் வேண்டும், அதைக் கிரேன் இடிக்காதபடி இரும்புக் காப்பும் வேண்டும்.

படி 4: புகையைத் தேடிப் பிடிப்பது

25 மீட்டர் உயரக் குடோனில் சின்னத் தீயின் புகை கூரைக்குப் போகுமுன் ஆறி, நடுவழியில் நின்றுவிடும். கூரையில் மட்டும் டிடெக்டர் வைத்தால் தீ பெரிதான பிறகுதான் தெரியும். காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் குழாய்களைப் பல உயரங்களில் ரேக்குக்குள் ஓட்டுங்கள். சோதனை எளிது: கடைசித் துளையில் புகை காட்டி ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். 120 வினாடிக்குள் அலாரம் பேனல் காட்ட வேண்டும். காட்டவில்லையா, குழாய் இணைப்பு ஒன்று பசை போடாமல் வாய் பிளந்திருக்கும். காற்று அங்கேயே நுழைந்துவிடுவதால் அதற்கு அப்பால் உள்ள துளைகள் பெயருக்குத்தான் இருக்கும். அட்டைத் தூசி ஃபில்டரை அடைப்பதும் உண்டு.

படி 5: அலாரம் அடித்ததும் இயந்திரம் என்ன செய்ய வேண்டும்?

சரக்கு உள்ளே வருவது நிற்க வேண்டும். எரியும் பெட்டியைக் கிரேனோ கன்வேயரோ அடுத்த அறைக்குச் சுமந்து போகக் கூடாது. தீத்தடுப்புச் சுவரில் கன்வேயர் புகும் ஓட்டைக்கு ஷட்டர் இருக்கும். மின்சாரம் போன நேரத்தில் அந்த ஓட்டையின் நடுவில் ஒரு பெட்டி நின்றால் ஷட்டர் அதன் மேல் உட்கார்ந்துவிடும். சுவர் இருந்தும் தீ தாண்டும். அந்தச் சிறு துண்டுக் கன்வேயருக்குத் தனிப் பேட்டரி கொடுங்கள். முதலில் பெட்டி நகர வேண்டும், ஓட்டை காலி என்று சென்சார் சொல்ல வேண்டும், அப்புறம் ஷட்டர் இறங்க வேண்டும். பெட்டியை வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி, மெயினை அணைத்துச் சோதியுங்கள். பெட்டியே இல்லாமல் செய்த சோதனையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

படி 6: சார்ஜர்

இங்கிலாந்தின் ஆண்டோவரில் ஒக்காடோவின் ரோபோ மளிகைக் கிடங்கு 2019 பிப்ரவரி 5 அன்று தீப்பிடித்தது. ரோபோக்கள் ஓடும் கட்டத் தண்டவாளத்தின் (கிரிட்) ஓரத்தில் இருந்த பேட்டரி சார்ஜர் ஒன்றில் மின்கோளாறு வந்து, ஒரு ரோபோவின் பிளாஸ்டிக் மூடி பற்றிக்கொண்டது. தீ பல நாள் எரிந்து கட்டடத்தையே அழித்தது. தொடங்கியது ஒரு மூடியில்தான். சார்ஜர்களைச் சரக்கு அடுக்கிலிருந்து பிரித்து, தீத்தடுப்புச் சுவருக்கு அப்பால் வையுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு சார்ஜருக்கும் மேலே புகை உறிஞ்சும் துளையும், சூடு ஏறினால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏற்பாடும் கட்டாயம். இடித்துக்கொண்ட ரோபோவின் பேட்டரியைச் சோதிக்காமல் சார்ஜில் போடாதீர்கள்.

படி 7: பம்ப் ரூம்

ஸ்பிரிங்ளர் வேலை செய்யாமல் போவதற்கு மிகப் பொதுவான காரணம், பழுதுபார்க்க மூடிய வால்வை யாரும் திறக்காமல் விடுவது. ஒவ்வொரு வால்வையும் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள், மூடினால் பேனலில் தெரியும்படி சுவிட்சும் வையுங்கள். பம்ப்பின் பேனல் ‘ஆட்டோ’வில்தான் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். டீசல் பம்ப்பை வாரம் ஒருமுறை 30 நிமிடம் ஓட்டுங்கள். அதை பட்டனை அழுத்தி ஓட்டாதீர்கள். அழுத்தத்தை உணரும் சென்சிங் குழாயில் கொஞ்சம் தண்ணீரைத் திறந்துவிட்டு, அழுத்தம் இறங்கி அது தானாகவே கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். வால்வை மூடியே ஆக வேண்டிய நாளில் யார் மூடினார், எப்போது திறப்பார் என்று எழுதிய அட்டையை அந்த வால்விலேயே தொங்கவிடுங்கள்; அது திறக்கும் வரை சார்ஜர்களுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்.