மண்ணுக்குள் நீராவி செலுத்தும்போது செய்யக்கூடாத தவறுகள்

கலிபோர்னியாவின் விசேலியாவில், மின்கம்ப மரங்கள் உளுத்துப்போகாமலிருக்க அவற்றைக் கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறவைக்கும் கூடம் பல பத்தாண்டுகள் இயங்கியது. கசிந்த எண்ணெய் நிலத்தடி நீர்வரை இறங்கிவிட்டது. ஆண்டுக்கணக்கில் தண்ணீரை இறைத்துச் சுத்திகரித்தும் மண்ணில் ஒட்டியது லேசில் வரவில்லை. அந்த மாசை அகற்ற 1997 முதல் 2000 வரை மண்ணுக்குள் நீராவி செலுத்தியதில் ஏறத்தாழ 600 டன் மாசு வெளியேறியது அல்லது அங்கேயே சிதைந்தது.

இதைக் கேட்டதும் பலருக்கும் பாய்லர்தான் கண்ணில் படுகிறது. ஆனால் நீராவியின் முதல் வேலை நஞ்சை நகர்த்துவது. அது போய்ச் சேரும் இடத்தில் உறிஞ்சும் கிணறும் வெற்றிடப் பம்பும் தயாராக இல்லாவிட்டால், சுத்தமாக இருந்த பக்கத்து மண்ணும் கெடும். விசேலியாவில் நீராவிக் கிணறுகளைச் சுற்றிலும் அமைத்து, நடுவில் உறிஞ்சி எடுத்தார்கள். முதலில் உறிஞ்சல், பிறகே நீராவி: இந்த வரிசையை மாற்றவே கூடாது.

ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற, தண்ணீரைவிடக் கனமான கரைப்பான்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தண்ணீரோடு சேர்ந்திருக்கையில் ட்ரைகுளோரோஎத்திலீன் சுமார் 73 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிறது. அது நமக்கு நல்லதுதான். ஆனால் அந்த ஆவி, சூடேறாத மண்ணைத் தொட்டதும் மறுபடி திரவமாகிச் சேர்ந்து, கீழே இறங்கத் தொடங்கும். மாசுக்கு அடியிலுள்ள அடுக்கை முன்னதாகவே சூடேற்றிவிட்டால், இறங்கி வருவது அங்கே மீண்டும் ஆவியாகும். இதை விட்டுவிட்டு மேலிருந்து தொடங்குவதுதான் என் கணிப்பில் ஆகப் பெரிய தவறு. ஆழத்துக்குப் போன நஞ்சை மீட்பது மிகக் கடினம்.

நீராவி மணலில்தான் ஓடும். களிமண்ணுக்குள் எளிதில் புகாது. அழுத்தத்தைக் கூட்டிப் புகுத்தப் பார்த்தால் மண் பிளந்து, நீராவி தரைக்கே வந்துவிடும். சூடேறிய பிறகு நீராவியைக் குறைத்து வெற்றிடத்தைக் கூட்டினால், களிமண்ணிலிருக்கும் நீர் தானாகக் கொதித்து மாசை வெளியே தள்ளும். இப்படி மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

நிலத்தடி நீரைச் சோதிக்க முன்பு போட்ட பிவிசி கண்காணிப்புக் கிணறுகளை அப்படியே விடாதீர்கள். 100 டிகிரியில் அந்தக் குழாய் இளகி நெளிந்துவிடும். மாசு இறங்க அதுவே வழியாகும். முன்கூட்டியே அடைத்துவிட்டு எஃகுக் குழாய் இறக்குங்கள்.

வெப்பமானி 100 காட்டியதும் பாய்லரை அணைப்பதும் அவசரம். உறிஞ்சி வரும் ஆவியில் மாசு குறைந்து, அழுத்தத்தை மாற்றிப் பார்த்தும் உயராமல் இருக்கிறதா என்று பாருங்கள். நிலத்தடி நீர் பல மாதங்கள் சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டோடு மாதிரி எடுத்தால் புட்டியில் சேருமுன்பே கரைப்பான் பறந்துபோய், நீர் சுத்தம் என்று பொய்யான முடிவு வரும். குளிர்ந்த நீரில் மூழ்கிய சுருள்குழாய் வழியாக ஆறவைத்து, காற்றிடம் இல்லாமல் புட்டியை நிரப்பி மூடுங்கள்.