தடுப்பூசி அட்டையை மட்டும் நம்பாதீர்கள்: கீமோவுக்குப் பிறகு குழந்தையின் எதிர்ப்பு சக்தி

லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ மருந்துச் சிகிச்சை முடிந்த குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். மடித்த இடம் கிழிந்திருக்கும். 9 மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசிக்கு நேரே நர்ஸ் எழுதிய தேதி அப்படியே இருக்கும். "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று பெற்றோர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து பெரிய தவறு இதுதான். அன்று ஊசியால் உண்டான ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்கும் புரதம்) இன்றும் உடம்பில் இருக்கிறதா என்பதை அந்த அட்டை சொல்லாது.

ஆன்டிபாடியைச் சுரப்பவை, வெள்ளை அணுக்களில் ஒரு வகையான 'பி' செல் வழியில் வரும் செல்கள். குழந்தைகளுக்கு அதிகம் வருகிற லுகேமியாவில் பெரும்பாலும் இந்த 'பி' செல் வழியில்தான் புற்று தொடங்குகிறது. இரண்டு, மூன்று வருடம் நடக்கும் கீமோ புற்றுச் செல்களோடு நல்ல செல்களையும் அழிக்கிறது. ரத்தத்தில் அதிகமுள்ள ஐஜிஜி ஆன்டிபாடி சுமார் மூன்று வாரத்தில் பாதியாகக் குறையும். புதிதாகச் சுரக்காவிட்டால் கையிருப்பு கரையத்தானே செய்யும்? தட்டம்மை, ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி என்று பலவற்றுக்கும் இருந்த பாதுகாப்பு சில குழந்தைகளுக்குப் போயே விடுகிறது.

அடுத்தது, "கவுண்ட் நார்மலாயிடுச்சு" என்பதை வைத்து முடிவு கட்டுவது. அந்தக் கவுண்ட் வெள்ளை அணுக்களின் கணக்கு. ஆன்டிபாடி தேற இன்னும் பல மாதம் ஆகும். சில நோய்களுக்கு மறுபடி ஊசி போட்டால்தான் வரும். எதை, எப்போது போடுவது என்று புற்றுநோய் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இம்யூனோகுளோபுலின், அதாவது தானம் தந்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி, ஏற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த ஆன்டிபாடி பரிசோதனையில் குழந்தையுடையதைப் போலத் தெரியும்.

கீமோ நடக்கும்போது தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள (பலவீனமாக்கிய கிருமியைக் கொண்ட) தடுப்பூசிகளும் போலியோ சொட்டு மருந்தும் கூடவே கூடாது. சரி, பயத்தில் அண்ணன் தங்கைக்கும் ஊசியை நிறுத்திவிடுகிறார்களே, அதுவும் தவறு. அவர்களுக்குத் தட்டம்மை ஊசி கட்டாயம் வேண்டும். போலியோவுக்கு மட்டும் சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி.

அப்புறம், பள்ளியிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது அம்மை கண்டால், குழந்தைக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று காத்திருக்காதீர்கள். தட்டம்மைக்கான இம்யூனோகுளோபுலினை தொற்று பட்ட 6 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.