41 வினாடியும் 52 நிமிடமும்: அறிவியல் வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி 1768இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜூனில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதுதான் நோக்கம். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் அவர் வேறொன்றைப் பார்த்தார். உள்ளூர்த் தமிழர் ஒருவர், மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, சோழிகளை நகர்த்தி, 1765 ஆகஸ்ட் 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை முக்கால் மணி நேரத்தில் கணக்கிட்டுக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் அவருடைய கணக்கு 41 வினாடி குறைவு. ஐரோப்பா அன்று பெரிதும் மதித்த ஜெர்மன் வானியலாளர் டோபியாஸ் மேயரின் நிலவு அட்டவணையோ 68 வினாடி கூடுதல்.

இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, மேடைகளில் சொல்லப்படுகிறது. செய்தி உண்மைதான். அதிலிருந்து "ஐரோப்பாவைவிட நம் வானியல் துல்லியமானது" என்ற முடிவுக்குத் தாவுவதில்தான் தவறு தொடங்குகிறது.

1825இல் ஜான் வாரன் என்ற அதிகாரி, தென்னிந்தியர் காலத்தைக் கணிக்கும் முறைகளைப் பற்றிச் சென்னையில் ஒரு பெருநூல் வெளியிட்டார். பெயர் 'கால சங்கலித'. அவரும் புதுச்சேரியில்தான் ஒரு பஞ்சாங்கக் கணிதரைக் கண்டார். தரையில் சோழி பரப்பி, அதே வகைக் கணக்கு. 1825 மே 31 இரவு தொடங்கிய சந்திர கிரகணத்துக்கு அந்தக் கணிதர் சொன்ன நேரங்களில், தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகியது, நடுப்பகுதியில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். இந்த 52 நிமிடத்தை யாரும் பகிர்வதில்லை. ஒரு கிரகணத்தில் பல சிறு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டி விடை அழகாக அமையும், இன்னொன்றில் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து இழுக்கும். ஒற்றை விடையை வைத்து ஒரு முறையின் தரத்தை அளக்கவே கூடாது. பிடித்த எண்ணை மட்டும் பொறுக்கி எடுப்பது முதல் தவறு. அறிவியல் வரலாற்றில் மிகப் பரவலான தவறும் அதுதான்.

இரண்டாவது தவறு இதைவிட ஆழமானது. சரியா தவறா, எத்தனை வினாடி என்பதோடு கேள்வியை நிறுத்திக்கொள்வது. பண்டைய வானியலை ஆராய்ந்த ஓட்டோ நாய்கெபவர், 1952இல் தமிழர் வானியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வாரனின் கணிதர் எவ்வளவு பிசகினார் என்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. 1825இல் இந்த முறை உயிரோடு இருந்ததே அவரை வியக்க வைத்தது. ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்க்கலாம்.

நிலவு எப்போதும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமிக்கு அருகில் விரைந்தும் தொலைவில் மெதுவாகவும் செல்லும். இந்த வேக மாற்றம் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். ஒன்பது சுற்றுகளைச் சேர்த்தால் மிகச் சிறிய பிழையோடு 248 நாள். அதாவது 248 நாளுக்கு நிலவின் நகர்வைப் பட்டியலிட்டுவிட்டால், அந்தப் பட்டியலையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். இந்த 248 நாள் சுழற்சி பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருக்கிறது. ரோமானியர் ஆட்சிக்கால எகிப்தின் கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளில் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த நூலில் இருக்கிறது. புதுச்சேரிக் கணிதரின் நினைவிலும் அதுவே இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு கணக்கின் தொடர்ச்சி இது. 41 வினாடிப் பெருமைக்கு முன்னால் இந்தச் செய்தி எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைச் சொன்னதும் சிலர் முகம் சுருங்கும். "அப்படியானால் நம்முடையது கடன் வாங்கியதா?" என்பார்கள். வேறு சிலர், "எல்லாம் இங்கிருந்துதான் அங்கே போனது" என்று திருப்பிப் போடுவார்கள். இரண்டுமே ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். அறிவு ஓரிடத்தில் பிறந்து, மாறாமல் அப்படியே இன்னோரிடம் போய்ச் சேர்வதில்லை. 248 நாள் என்ற எண் பயணம் செய்து வந்தது. ஆனால் அந்த 248 நாளுக்கும் 248 வாக்கியங்களை அமைத்து, எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் கடபயாதி முறையில் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஓர் அளவாக்கியது தென்னிந்தியாவின் வேலை. முதல் வாக்கியத்தை எண்ணாக்கினால் 12 பாகை 3 கலை வரும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை). நிலவு மெதுவாகச் செல்லும் நாளில் நகரும் அளவு அது. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் கேரளத்தின் மாதவர் இந்த வாக்கியங்களை இன்னும் நுண்ணிய அளவுக்குத் திருத்தி அமைத்தார். ஏட்டைப் புரட்டாமல், தாளில் எழுதாமல் கிரகணம் கணிக்கும் ஒரு கருவியாக அதை ஆக்கியவர்கள் இங்கிருந்தவர்கள். கடன், சொந்தம் என்ற இரண்டே பெட்டிகளில் இதை எப்படி அடைப்பது?

வாரன் செய்த தவறு ஒன்றும் உண்டு. தன் கணிதருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது, நினைவாற்றல்தான் இருந்தது என்று அவர் எழுதினார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் லாகரிதம் அட்டவணையைப் பயன்படுத்திய பொறியாளர்கள் எல்லோரும் அது எப்படிக் கணிக்கப்பட்டது என்று அறிந்திருந்தார்களா? கோட்பாட்டை எழுதியவர் மட்டுமே அறிவியலாளர், செய்து காட்டுபவர் வெறும் கைவேலைக்காரர் என்று பிரித்தால், அறிவியல் வரலாற்றில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். மருத்துவச்சிகள், மாலுமிகள், உலோகம் உருக்கியவர்கள், நில அளவையில் சங்கிலி பிடித்தவர்கள் எல்லோரும். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான்.

நவக்கிரகத்தைக் காட்டி, "ஒன்பது கோள்களை அன்றே கண்டறிந்தார்கள்" என்று சொல்வதும் அடிக்கடி கேட்கிறது. அந்த ஒன்பதில் சூரியனும் சந்திரனும் உண்டு, பூமி இல்லை. 1781இல் கண்டறியப்பட்ட யுரேனஸும் 1846இல் கண்டறியப்பட்ட நெப்டியூனும் இல்லை. இன்றைய பட்டியலை அன்றைய பட்டியலின் மேல் ஒட்டும்போது, அதற்குள் இருக்கும் உண்மையான அறிவு மறைந்துவிடுகிறது. கிரகணக் கணக்கில் ராகுவும் கேதுவும் நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளுக்கு ஓர் இயக்கம் கொடுத்துக் கணித்தார்கள். பெருமைப்பட வேண்டியது அங்கே இருக்கிறது.

பின்னால் தவறென்று தெரிந்த கோட்பாட்டை மூடத்தனம் என்று தள்ளுவதும் இதே வகைதான். வெப்பம் ஒரு பாய்மப் பொருள் என்று கருதிக்கொண்டுதான் பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ 1824இல் நீராவி எஞ்சின்களைப் பற்றிச் சிந்தித்தார். வெப்ப இயக்கவியலின் அடிப்படை விதி ஒன்று அங்கிருந்தே வளர்ந்தது.

சமூக அறிவியலுக்கு வந்தால், 'தந்தை' பட்டம் கொடுக்கும் பழக்கம் பெரிய இடைஞ்சல். 1377இல் அல்ஜீரியாவின் ஒரு கோட்டையில் இருந்தபடி இப்னு கல்தூன் தன் வரலாற்று நூலுக்கான முன்னுரையை எழுதினார். அரச வம்சங்கள் ஏன் எழுகின்றன, ஏன் சில தலைமுறைகளில் சரிகின்றன என்று அதில் ஆராய்ந்தார். குழுப் பிணைப்பு பாலைவனத்தில் வலுப்பட்டு, நகர வசதியில் தளர்கிறது என்பது அவர் விளக்கம். உடனே அவரைச் "சமூகவியலின் தந்தை" ஆக்குகிறோம். அந்தத் துறைக்குப் பெயரிட்ட பிரெஞ்சுக்காரர் ஒகுஸ்த் கோம்த் எழுதியதோ 1830களில். இப்னு கல்தூன் வடஆப்பிரிக்க அரசவைகளில் பதவியும் சிறையும் கண்டவர், இஸ்லாமியச் சட்டம் படித்தவர். சோதிடத்தை மறுத்த அதே நூலில் சூனியம் உண்மை என்று ஏற்றுக்கொண்டவர். தந்தைப் பட்டம் சூட்டியதும் சூனியப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறோம், மனிதர் பாதியாகிறார்.

கடைசியாக ஒன்று. மரபும் நவீன அறிவியலும் எப்போதும் எதிரெதிரே நின்றன என்று கதை கட்டுவது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கக் கணிதமும் தொலைநோக்கி வேலையும் ஒருங்கே அறிந்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்கு அதை விளக்க இந்திய மொழிகளில் ஒரு சிறு நூல் கொண்டுவந்தார். வானில் பார்ப்பதோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடி, அப்படியொன்றைத் தாமே வெளியிட்டார். அவர் எதிர்த்தது பஞ்சாங்கத்தை அல்ல, பிசகிய எண்களை.

அந்த விவாதம் இன்றும் முடியவில்லை. வானில் பார்ப்பதோடு ஒத்துப்போகும்படி திருத்திய திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29இல் வந்தது. பழைய வாக்கிய முறையில் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலோ தங்களுக்குப் பெயர்ச்சி 2026இல்தான் என்று அறிவித்தது.